கவலையில் யாரும் இறங்கவில்லை

காலை எட்டு ஐந்து. முதலில் தெரிந்தது பஸ் அல்ல, புழுதி. சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்பு மூட்டம் எழுந்து, புளியமரங்களுக்கு நடுவே மெதுவாக நகர்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் பஸ்ஸின் சிவப்பு நெற்றி தெரிந்தது.

நான் கிணற்று மேட்டில் நின்றிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கப்போகும் இரண்டு பேரை அழைத்து வருவது என் வேலை. திருவல்லிக்கேணியிலிருந்து பர்தா அணிந்த ஓர் அம்மாள் வருவார், கூடவே அவருடைய மகன். மகன் உயரம், கையில் இனிப்புப் பெட்டி இருக்கும். எனக்குச் சொல்லப்பட்ட அடையாளம் அவ்வளவுதான்.

பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி தினமும் கூவுகிற மாதிரியே கூவினார்.

"கவலையெல்லாம் எறங்கு. கவலையெல்லாம் எறங்கு."

காலிக் கூடைகளோடு ஒருவர் இறங்கினார். டிபன் கேரியருடன் ஒரு தொழிலாளி. தலையில் துண்டு கட்டிய ஒரு கிழவர். டிரைவர் என்ஜின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பஸ் கிளம்பியது. பர்தாவும் இல்லை, இனிப்புப் பெட்டியும் இல்லை.

ஊரைக் கேட்டேன் தம்பி

நான் பத்திரிகையில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். நேர்முகத்தில் ஆசிரியர் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்க, நான் "கவலை" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஊரைக் கேட்டேன் தம்பி, நிலைமையைக் கேக்கல" என்றார். அது நிஜமாகவே ஓர் ஊரா, நான் இட்டுக்கட்டியதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.

ஊர் என்பதுகூடப் பெரிய வார்த்தைதான். ஈக்காட்டுத்தாங்கலுக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில், அடையாற்றங்கரையை ஒட்டி, இரண்டு வண்டிப்பாதைகள் வெட்டிக்கொண்ட இடம். சுற்றிலும் கீரைப் பாத்தி, கத்தரி, மழை நன்றாகப் பெய்த வருடம் கொஞ்சம் நெல். என் அப்பா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அரைக்கீரையும் முளைக்கீரையும் போட்டிருந்தார். விடிவதற்குள் அறுத்துக் கட்டி, மாம்பலத்துக்கும் மயிலாப்பூர் குளத்தங்கரைக்கும் அனுப்புவோம்.

பாதைகள் வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. மாடு பூட்டி இறைக்கிற கிணறு. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து தோல் சால் ததும்பிக்கொண்டு மேலே வரும். அதன் வால் போன்ற தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி நடந்து மேட்டில் ஏறினால் சால் மறுபடி இறங்கும். இந்த முழு ஏற்பாட்டுக்கும் எங்கள் பக்கத்தில் பெயர் கவலை. கவலை ஓட்டிய கிணறு கவலைக் கிணறு. கிணற்றைச் சுற்றி இருந்த நாங்கள் எல்லோரும் கவலை.

மனக்கஷ்டத்துக்கும் இதே சொல்தான் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பட்டணத்துக்காரர்கள் சிரித்தபோதுதான் தெரிந்தது.

தண்ணீர் குடித்த பஸ்

அங்கே பஸ் நிற்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. முன்பு சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிணற்றடியில் நிறுத்துவார்கள். பிறகு லாரிகள் வந்தன. கிண்டியில் தொழிற்பேட்டை வளர வளர, இரும்புத் தகடும் மரச் சட்டமும் ஏற்றிய லாரிகள் அந்தப் பாதையில் திரும்பின. அவற்றுக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. பஸ் விட்டபோது, பழைய பஸ்கள் சைதாப்பேட்டை தாண்டியதும் சூடேறிப் புகைந்தன. டிரைவர் நிறுத்தி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் ஜனங்கள் ஏறி இறங்கினார்கள். கொஞ்ச நாளில் தண்ணீர் தேவைப்படாத பஸ்ஸும் நின்றது.

மாடு நின்ற இடத்தில் லாரி நின்றது, லாரி நின்ற இடத்தில் பஸ் நின்றது. பிறகு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு டீக்கடை. டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை. பஸ்ஸுக்குக் கூடு, அதாவது பாடி, கட்டுகிற ஷெட்டுகள் இரண்டு. சாலைகளுக்குத் தார் போட்டார்கள். இன்றைக்கு அங்கே நான்கு திசையிலும் சிக்னல், தலைக்கு மேல் மெட்ரோ, கீழே ஷேர் ஆட்டோ வரிசை. காலையில் லேப்டாப் பை மாட்டிய பிள்ளைகள் கும்பலாகக் கடக்கிறார்கள். கிணறு சிக்னல் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. மூடியபோது நான் வெளியூரில் இருந்தேன்.

கண்டக்டர்களுக்கு அந்தப் பெயர் ஓயாத விளையாட்டு. "கவலை தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல, உள்ள போ நைனா" என்பார்கள். "ஒரு கவலை குடுங்க" என்று டிக்கெட் கேட்டால், "ஒண்ணு போதுமா? எங்கிட்ட நெறைய கீது" என்பார்கள். எங்கள் பத்திரிகையில் ஒருமுறை 'கவலையில் வாலிபர் கைது' என்று தலைப்பு வந்துவிட்டது. மறுநாள் ஒரு வாசகர், கவலைப்பட்டால் கைது செய்வது எந்தச் சட்டத்தில் என்று கேட்டுக் கார்டு போட்டார்.

இந்தச் சிரிப்பு ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று அதுவரை நாங்கள் நினைக்கவில்லை.

சாலிலிருந்து சீட்டுக்கு

கரீம் பாயின் வீடு எங்கள் பாத்திகளுக்கு அடுத்தது. கவலைக்குத் தோல் சால் தைப்பது அவர் தொழில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த கிணறுகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் தைத்தார். பிறகு மோட்டார் வந்தது. ஒவ்வொரு கிணறாக மாடுகளை அவிழ்த்தார்கள்.

பாய் இதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கிணற்றடியில் தண்ணீருக்கு நின்ற ஒரு லாரிக்காரர், சீட்டு கிழிந்து பஞ்சு பிதுங்குகிறது, தைக்க முடியுமா என்று கேட்டார். பாய் அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஒழுகாம தெக்கறவனுக்குப் பஞ்சு ஒழுகாம தெக்கத் தெரியாதா?" என்றாராம். அதே குத்தூசி, அதே மெழுகு நூல். தோலுக்குப் பதில் ரெக்சின். அடுத்த வருடத்திலிருந்து பஸ் கூடு கட்டும் ஷெட்டுகளே அவரைத் தேடி வந்தன.

ஆனால் பாயின் வலது கைக் கட்டைவிரல் அதற்குள் மரத்துப்போயிருந்தது. இழுத்து இறுக்க வேண்டிய தையலை அவரால் இறுக்க முடியவில்லை. அதைச் செய்தது அவர் மகள் நூர்ஜஹான். மனைவி இல்லாத வீடு. பாய் வெட்டுவார், அவள் தைப்பாள். ஷெட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. அக்கம்பக்கத்தில் எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்தது வேறு சிலருக்கும் தெரிந்துபோனதில்தான் சிக்கல். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்து, 'லாரி சீட்டு தைக்கிற பொண்ணாம்' என்று விசாரித்துவிட்டு, வருகிறோம் என்று சொன்ன நாளில் வராமல் நின்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்ததுதான் திருவல்லிக்கேணி இடம். பையன் பெயர் யூசுப். கடைகளுக்கும் பஸ்களுக்கும் போர்டு எழுதுகிறவன். அப்பா இல்லை. அம்மா சாபிரா பீ. இந்த முறை தையலைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று பாய் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

இந்த இடமும் தவறினால் அடுத்து வாணியம்பாடி. அங்கே பாய்க்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், நாற்பது தாண்டியவர். எதையும் விசாரிக்கவில்லை, சரி என்று சொன்னால் போதும் என்று காத்திருந்தார். நூர்ஜஹானுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதைவிட, அங்கே போனால் ஊசியைத் தொட விடமாட்டார்கள் என்பதுதான் பெரிதாக இருந்தது. அவள் அதை என் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

நல்லா பாத்தியா

எட்டு ஐந்து பஸ் போனதும் நான் நேரே பாய் வீட்டுக்குப் போனேன். பாய் வெள்ளைச் சட்டை போட்டு, தாடிக்கு அத்தர் தடவி, வாசலில் நின்றிருந்தார்.

"எறங்கலியா?"

"இல்ல பாய்."

"நல்லா பாத்தியா? பின்படி வழியா எறங்கியிருப்பாங்க."

"பாத்தேன் பாய். மூணு பேருதான் எறங்கினாங்க. மூணு பேரும் ஆம்பளைங்க."

அடுத்த பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அவர் அடுத்த பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. எட்டு மணி பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லியனுப்பியவர்கள் எட்டு மணி பஸ்ஸில் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை பழக்கம்.

"சரி. வாணியம்பாடிக்குச் சொல்லியனுப்பிடறேன்" என்றார். இதை அவர் உள்ளே கேட்கும்படிதான் சொன்னார்.

உள்ளே என் அம்மா சமையலறையில் சேமியா கிளறிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் நூர்ஜஹான் பின்கதவு வழியாகக் கிணற்றடிக் கொட்டகைக்குப் போவதைப் பார்த்தேன். பட்டுச் சேலையைக் களைந்துவிட்டு, பழைய சேலையின் முந்தானையைத் தலைக்குப் போட்டு, இடுப்பில் தோல் துண்டைக் கட்டியிருந்தாள். ஒரு பஸ் சீட்டு அரைகுறையாக அங்கே கிடந்தது.

நான் மோட்டாரை நிறுத்தப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"வாணியம்பாடி எந்தப் பக்கம் கீது பேப்பரு?"

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அரக்கோணம் வழியா ரயில்ல போவணும்."

"ரயில் சீட்டு யார் தெக்கறாங்க?"

"தெரியல."

"பத்திரிகைல கீற, இது கூடத் தெரியலியா உனக்கு?" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த நூலைக் கோத்து ஊசியை ரெக்சினில் இறக்கினாள்.

வரப்பு மேல் வந்தவர்கள்

அப்போதுதான் எங்கள் கீரைப் பாத்தி வரப்பில் இரண்டு பேர் வருவதைக் கண்டேன். முன்னால் ஒரு அம்மாள், பர்தாவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு கால் முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். பின்னால் உயரமான ஒரு இளைஞன், இனிப்புப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தான். பெட்டியைக் காப்பாற்றுவதில் அவன் தன் காலைக் கவனிக்கவில்லை. அவனுக்கும் சேறு.

ஆற்றுப் பக்கமிருந்து அந்த வழியாக எங்கள் வீட்டு விருந்தாளி யாரும் வந்ததில்லை. அடையாளம் எல்லாம் பொருந்தியும், பஸ்ஸில் வர வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று எனக்கு உடனே உறைக்கவில்லை. இனி வரமாட்டார்கள் என்று முடிவுகட்டியிருந்த நூர்ஜஹானுக்கும் புரியவில்லை.

"இன்னாம்மா, சேத்துல எறங்கிட்டீங்களா?" என்றாள்.

"எறங்கலம்மா. வழுக்கிடுச்சு. வார் அறுந்துபோச்சு" என்றார் அம்மாள். மூச்சு வாங்கியது. "பாலத்துல எறங்கி நடந்து வர்றோம்."

"பாலத்துலியா? அங்கேர்ந்து ஏன்? இங்கியே கவலைல எறங்கறதுதானே?"

அம்மாள் குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பி வர்றேன்மா. கண்டக்டர்கிட்ட போயி அந்தப் பேரச் சொல்லி டிக்கெட் கேக்கறதா? மகன் வாயாலயும் கேக்க வேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த ஸ்டாப் இன்னான்னு கேட்டேன், பாலம்னாங்க. பாலம் நல்ல பேரு. ரெண்டு கரையைச் சேக்குது."

"அந்தாள் கத்தினாரே, காதுல விழலியா?"

"விழுந்துச்சு. இவன் எழுந்திரிச்சான். சட்டையப் புடிச்சு உக்கார வெச்சேன்."

நூர்ஜஹான் சிரித்துவிட்டாள். அந்தக் காலையில் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. "குடுங்க அத்த" என்று செருப்பைக் கையிலிருந்து வாங்கினாள். சேற்றை வழித்து எறிந்து, வாரைப் பழைய ஓட்டையில் நுழைக்காமல் புதிதாக ஒரு துளை குத்தி, மெழுகு நூலால் '8' போல இரண்டு சுற்று இழுத்து முடிந்தாள். இளைஞன் பெட்டியை இன்னும் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் வூட்டுக்கு வந்தீங்க?" என்று முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கரீம் பாய் வூடு. பொண்ணு பாக்க."

ஊசி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நேராப் போயி வலது கை பக்கம். பச்சைக் கதவு" என்றாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. "இவரு கூட்டிக்கினு போவாரு."

நான் அவர்களை வாசல் வழியாகச் சுற்றி அழைத்துப் போனேன். திரும்பிப் பார்த்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

போகும் வழியில் அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "ஸ்டாப்புல கழுத்த நீட்டிக்கினு நின்னது நீதானே? பஸ்லேர்ந்து பாத்தேன்" என்றார். ஆமாம் என்றேன். "பாவம், நீயும் கவலைல நின்ன" என்றார். பிறகு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதை உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

செருப்பு நிற்கிறது

பெண்கள் இருந்த அறைக்குள் நடந்ததை என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் யூசுப்பும் வெளியே இருந்தோம். அவர்கள் வழக்கப்படி பையன் பெண்ணைப் பார்ப்பதில்லை, அம்மா பார்த்துவிட்டுச் சொல்வதுதான். யூசுப் சேறு படிந்த கால்களைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"கெணத்தாண்ட செருப்பு தெச்சாங்களே, அவங்க யாரு?" என்று கேட்டான்.

காலைத் துடைத்துக்கொள்ள அவனிடம் ஒரு துண்டை நீட்டினேன். பாய் பக்கத்தில் நின்றார்.

உள்ளே நூர்ஜஹான் பட்டுச் சேலையில், தலையைக் குனிந்து, சர்பத் தட்டைக் கொண்டுவந்தாள். கையை உரசி உரசிக் கழுவியிருந்தாள். ஆனால் மெழுகுக் கறுப்பு ஆள்காட்டி விரலின் மடிப்பில் தங்கியிருந்தது. அதற்குச் சீயக்காய் போதாது, மண்ணெண்ணெய் வேண்டும்.

சாபிரா பீ தம்ளரை எடுக்கவில்லை. அந்த விரலைப் பார்த்தார். அப்புறம் முகத்தை. பிறகு வாசலில் கழற்றிவிட்டிருந்த தன் செருப்பைக் கதவு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"செருப்பு நல்லா நிக்குது" என்றார்.

வாசலில் நின்ற பாய்க்கு இது கேட்டது. அவருக்குச் செருப்பைப் பற்றி எதுவும் தெரியாது. ஏதோ கிண்டல் என்று நினைத்து, "பொண்ணுக்குக் கைவேலை கொஞ்சம் தெரியும்மா, பூத்தையல் மாதிரி" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"பூத்தையலா? அந்த ஊசி கோணியக்கூட குத்தும்" என்றார் சாபிரா பீ. "எதுக்கு மறைக்கிறீங்க பாய்? நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டித்தான் இவனை வளர்த்தேன். என் வெரலப் பாருங்க."

பிறகுதான் தம்ளரை எடுத்தார்.

நூர்ஜஹான் தன் பங்குக்கு ஒன்று சொல்லியனுப்பினாள், என் அம்மா வழியாக. கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவுக்குத் தைத்துக் கொடுப்பேன். சாபிரா பீ ஒத்துக்கொண்டார். மருமகள் திருவல்லிக்கேணியில்தான் இருக்க வேண்டும் என்றார். பஸ் இருக்கிறது, வந்து தைத்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அதுவரை எங்கள் இடத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. நானே போனேன். பட்டணத்திலிருந்து எங்கள் இடத்துக்குத் தினமும் பஸ் ஏறி வேலைக்கு வந்து திரும்பிய முதல் ஆள், எனக்குத் தெரிந்து, நூர்ஜஹான். காலையில் நான் மவுண்ட் ரோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ப்பக்கத்தில் அவள் இறங்குவாள். "இன்னா பேப்பரு, அங்க போய் இன்னாத்தக் கிழிக்கப் போற? எல்லா வேலையும் இங்கதான் கீது" என்பாள். அன்று அது வேடிக்கையாக இருந்தது.

ஓர் எழுத்து

சாபிரா பீ இன்னொரு நிபந்தனையும் வைத்தார். கல்யாணப் பத்திரிகையில் 'கவலை' என்று வரக்கூடாது.

பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விலாசம் அதுதானே. யூசுப்தான் வழி கண்டுபிடித்தான். போர்டு எழுதுகிறவனுக்கு எழுத்து என்பது அளந்து வெட்டக்கூடிய பொருள். "நடுவுல ஒரு எழுத்துதானே அம்மீ. 'வ' எடுத்துட்டு 'ம' வெச்சுடலாம்" என்றான். பத்திரிகையில் 'கமலைக் கிணறு' என்று அச்சாயிற்று. சாபிரா பீ அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சில வருடம் கழித்து அந்தத் தடத்தில் பஸ் நிறுத்தங்களுக்குத் தகரப் போர்டு வைத்தார்கள். எழுதுகிற வேலை ஒரு கான்ட்ராக்டர் மூலம் யூசுப்புக்கு வந்தது. எங்கள் நிறுத்தத்துக்கு வந்ததும் அவன் யாரையும் கேட்கவில்லை. மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்தில், நல்ல குண்டு குண்டாக, 'கமலைக் கிணறு' என்று எழுதிவிட்டுப் போனான்.

கண்டக்டர்கள் போர்டைப் படிப்பவர்கள் அல்ல. அவர்கள் 'கவலை எறங்கு' என்றே கூவினார்கள். ஆனால் புதிதாக வந்தவர்கள் போர்டைப் படித்தார்கள். கிணறு போனதும் பெயரிலிருந்து கிணறும் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதியபோது கடைசி ஒலி விழுந்து 'கமலா' ஆயிற்று. அதைத் திரும்பத் தமிழில் எழுதியவர் கூட ஒரு நகரைச் சேர்த்துக்கொண்டார். இப்போது போனில் வழி கேட்டால் ஒரு பெண் குரல் தெளிவாகச் சொல்கிறது, கமலா நகர்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். பத்திரிகை என்னைச் சில வருடம் மதுரைக்கு அனுப்பியது. மேலூர்ப் பக்கம் ஒரு செய்திக்காகப் போனபோது, பாழடைந்த கிணற்று மேட்டைக் காட்டி ஒரு விவசாயி, "முன்ன இதுல கமலை ஓட்டினோம்" என்றார். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாடு, சரிவு, தோல் சால், எல்லாம் அதேதான். அந்தப் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர்.

ஊர் திரும்பியதும் யூசுப்பிடம் சொன்னேன். அவன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நான் தப்பா எழுதல" என்றான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அத்தனை வருடம் அந்தப் போர்டு அவனை உறுத்தியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

யார் அந்தக் கமலா

போன மாதம், கமலா நகரில் இப்போது நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரில் நாலு தலைமுறை. மகன் வீடு வாங்கியதால் இங்கே வந்திருக்கிறார். நல்ல மனிதர், எதையும் பாதியில் விடமாட்டார்.

"நுழைவாசல்ல ஒரு கல்வெட்டு வைக்கலாம்னு இருக்கோம். கமலா அம்மாளைப் பத்தி. நீங்கதான் எழுதித் தரணும். இந்த இடத்தை எல்லாம் தானமா குடுத்த மகராசியாமே. எங்காத்துல கூட சொல்லிண்டிருந்தா, படம் கெடைச்சா பெரிசு பண்ணி மாட்டலாம்னு."

நான், விவரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கேட்கலாம் என்று அவரை அழைத்துக்கொண்டு போனேன். மெட்ரோ தூணுக்கு எதிரே நூர்ஜஹானின் கடை. ஆட்டோ சீட்டு, கார் சீட்டு, வேன் சீட்டு. மூன்று மெஷின்கள், அவற்றில் அவள் மகளும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்கு மேலேயே வீடு. யூசுப் இறந்து சில வருடமாகிறது. நூர்ஜஹானுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, தையலை விரலால் தடவித்தான் பார்க்கிறாள். தப்பு இருந்தால் பிரித்துவிடச் சொல்கிறாள்.

"இன்னா பேப்பரு, இந்நேரத்துல? ரிட்டயர் ஆயும் அலையுற?"

"இவருக்கு ஒரு சந்தேகம். கேக்கணுமாம்."

செயலாளர் கைகூப்பினார். "ஒண்ணுமில்லம்மா. கமலா நகர்ங்கறாளே, அந்தக் கமலா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நூர்ஜஹான் என் பக்கம் திரும்பினாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை இல்லை. எவ்வளவு சொல்வது என்று அளக்கிற பார்வை.

"எங்க மாமியாருக்குப் புடிச்ச பேரு சார்" என்றாள்.

"ஓகோ, அவாளுக்குப் பழக்கமா?" செயலாளர் முகம் மலர்ந்தது. "அவாளைப் பார்த்துப் பேச முடியுமா?"

மெஷினில் இருந்த மகள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. வேன் சீட்டின் ஓரத்தை ஒருமுறை தடவி, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள்.

"அவங்க இல்ல சார். கடைசி காலத்துல திருவல்லிக்கேணிய விட்டுட்டு எங்ககூடத்தான் இருந்தாங்க" என்றாள்.

அன்று பஸ்ஸிலிருந்து இங்கே இறங்க மறுத்த சாபிரா பீயை அடக்கம் செய்தது இங்கேதான், ஆற்றோரப் பள்ளிவாசலுக்குப் பின்னால்.